கடிகாரக்காரர் வீட்டு ஃபேன்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. சத்தமாகச் சொன்னால் கடிகாரக்காரர் காதில் விழுந்துவிடும். பாவம், மனுஷனுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மழை எட்டிப் பார்த்து நாலு மாசம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு, 'நீ போ, நான் சாயங்காலமா வரேன்' என்று நின்றுவிடும். குழாயில் தண்ணீர் விடியற்காலை மூன்றரைக்கு வரும், ஐந்துக்கு நிற்கும். தெருப் பெண்கள் எல்லாரும் அரைத் தூக்கத்தில் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். கடிகாரக்காரர் பெண்டாட்டியும் அதில் ஒருத்தி. மிச்சமிருக்கும் அரைத் தூக்கத்தை மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை தூங்கித் தீர்ப்பாள். வீட்டில் ஒரே அறை, ஒரு அடுப்படி, ஒரே ஃபேன். அதற்கு நேர் கீழே வெறும் தரையில் படுத்தாளானால், பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டு படுப்பாள், அவ்வளவுதான்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் வேட்டு வைத்தார் அவர்.

அவருடையது தகரக் கூரை போட்ட பெட்டிக்கடை. உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் வெளியே. தகரம் காய்ந்தால் அவரும் சேர்ந்து காய்வார். "கூரை மேல நனைச்ச சாக்கு விரிங்க" என்று பெண்டாட்டி பத்துத் தடவை சொன்னாள். "சாக்கு விரிச்சா அது கடிகாரக் கடையா, வெங்காயக் கடையா? என் மானம் என்னாவறது?" என்றார். பதினோராவது தடவை அவள் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை, சரியாக ஒரு மணிக்கு, சாமான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இனிமே மத்தியான வேலை இங்கதான். வெயில் தணியுற வரைக்கும்."

"தாராளமா."

"ஃபேனை நிறுத்து."

"ஏங்க?"

"வாட்ச் திருகாணி எத்தனை பெருசு தெரியுமா? கடுகுல பாதி. காத்துல பறந்துச்சுன்னா பரலோகம் போயிரும்."

"வெயிலுக்குப் பயந்து வந்துட்டு, ஃபேன் இல்லாம உக்காரப் போறீங்களா?"

"சுவர் ஜில்லுனு இருக்கே. எனக்கு அது போதும்."

"எனக்கு?"

"நீ பாட்டுக்குத் தூங்கு. நான் என்ன சத்தமா போடறேன்?"

தூங்கினாளா? வேர்த்தாள். இந்தப் பக்கம் புரண்டால் அந்தப் பக்கம் ஈரம். மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் விடியற்காலை, குழாயடியில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்ற மாவுமில்காரியின் முதுகில் சாய்ந்தாள். குடம் உருண்டு நெளிந்தது. பிடித்த தண்ணீர் எல்லாம் தெருவுக்கு.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்று வரிசையே கூடிவிட்டது.

அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டே நின்றதில், குழாய் நின்றதை ஒருத்தியும் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டி, ஒரு லேடீஸ் வாட்சைப் பிரித்துப் போட்டிருந்த நேரம். மாவுமில்காரி சுவர்க்கடிகாரத்தைப் பிள்ளையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இது நின்னுபோச்சு."

திறந்து பார்த்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பேட்டரியைத் தலைகீழாப் போட்டு வச்சிருக்க!"

"அப்படியாண்ணே? நமக்கென்ன தெரியும்?"

அடுத்து தையல்காரி. அவள் கடிகாரத்திலும் தலைகீழ். பின்னாலேயே மாடிவீட்டு அக்கா ஒரு அலாரத்தோடு. அதிலும் தலைகீழ். இப்படியே ஏழு பேர்.

"இந்தத் தெருவுல ஒருத்திக்காவது பேட்டரி போடத் தெரியுதா?" என்று பெருமை தாங்காமல் கேட்டார்.

"அதுக்குத்தானே தம்பி நீ இருக்க" என்று மாடிவீட்டு அக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள். "அடேங்கப்பா, சுவர் ஜில்லுனு இருக்கே! தள்ளு, நானும் சாஞ்சுக்கறேன்."

கடிகாரம் ஓடியது, ஆட்கள் நகரவில்லை. யார் மருமகள் எதிர்த்துப் பேசினாள், யார் வீட்டில் பூனை குட்டி போட்டது என்று ஏழு வாயும் ஒரே நேரத்தில் பேசின.

"தம்பி, அந்த ஃபேனைத்தான் போடேன்."

"போடக் கூடாதுக்கா! திருகாணி பறந்திரும்!"

"சரிப்பா, உன் தொழில்ல நாங்க ஏன் குறுக்க நிக்கணும்" என்று அக்கா முந்தானையை எடுத்து விசிறத் தொடங்கினாள். ஒருத்தி விசிறினால் மற்றவள் சும்மா இருப்பாளா? ஏழு முந்தானையும் சேர்ந்து வீசியதில் திருகாணி பறந்தது.

"ஐயோ, போச்சு!"

ஏழு பேரும் தேட எழுந்தார்கள். உட்கார்ந்திருந்ததே தேவலை. கடைசியில் அது அக்காவின் கொண்டையில் மின்னியது. அவர் இடுக்கியால் அதைக் கவ்வி எடுத்தார். டப்பாவில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"கடைக்கு! தகரமே மேல்!"

"அந்த வெயில்லயா?" என்று பெண்டாட்டி உச்சுக் கொட்டினாள்.

கடைக்குப் போனால், கூரை மேல் நாலு சாக்கு, சொட்டச் சொட்ட. பக்கத்துக் கடை சாவிக்காரர் வாளியும் கையுமாக நின்றார்.

"யாரய்யா இதை விரிச்சது?"

"உங்க வீட்டுத் தங்கச்சி சொல்லி நான்தான். காலையில நீங்க வர்றதுக்கு முன்னாலயே சாக்கைக் கொடுத்துட்டு, மதியம் நீங்க கிளம்பினதும் விரிச்சு நனைச்சு விடுங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போச்சு."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே நுழைந்தார். குளுகுளு என்றிருந்தது. 'கோபக்காரிதான், ஆனா எம்மேல எவ்வளவு பாசம்!' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸை மாட்டினார்.

பாசம் இல்லாமலா? அதே நேரத்தில் வீட்டில் அவள் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டாள். உடனே படுக்காமல் முதலில் தரையில் உட்கார்ந்தாள். டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்த ஏழு கடிகாரங்களையும் வரிசையாகக் கவிழ்த்து, ஒவ்வொரு பேட்டரியையும் கழற்றி, பழையபடி தலைகீழாக மாட்டி மூடி, அவரவர் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கும் அவரு டப்பாவோட வந்துட்டார்னா? ஒரு நாள் இப்படியே இருக்கட்டும்க்கா."