ராணி வாய் வைக்காத இலை

விவசாயத்துக்கு ஆட்டிடம் அனுமதி வாங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் எங்கள் தையல் லைனைப் பார்த்துக்கொண்ட ஆட்டு மேஸ்திரி.

ஆலங்காயம் பக்கத்தில் அவருக்குக் கால் காணி முள்ளுக் கத்திரி இருந்தது. பூச்சிக்குக் கடை மருந்து வாங்கமாட்டார். ஆடு தின்னாத இலைகளை இடித்து, கோமியத்தில் ஊறவைத்துத் தெளிப்பார். ஊரில் பலரும் செய்வதுதான். ஆனால் இவர் ஒவ்வொரு முறையும் தன் ஆடு ராணியை வேலியோரம் கூட்டிப்போய் இலை இலையாக நீட்டுவார். அவள் முகத்தைத் திருப்பினால்தான் பறிப்பார்.

"ஆடாதொட, நொச்சின்னு உனக்கே தெரியுமேண்ணா?" என்பேன்.

"எனக்குத் தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்? அவ ஒத்துக்கணும்ல?"

ஒருநாள் நண்பருக்கென்று அவர் எடுத்துவந்த அந்த மருந்துக் கேன் கம்பெனி பஸ்ஸில் திறந்துகொண்டது. தோல் பதனிடும் ஷாப் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினோம்.

அவருடைய தோஸ்த் ரஃபீக் பாய் பிரியாணி மாஸ்டர். மகள் கல்யாணத்துக்குக் கத்திரிக்காய் முழுக்க மேஸ்திரி தோட்டத்ததுதான் என்று சம்பந்தியிடம் பெருமையடித்துவிட்டார். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லாமல் பிரியாணி போட்டால் ஆம்பூரில் தலைகாட்ட முடியுமா?

அந்த நேரம் பார்த்து ராணி முருங்கைக்கே முகத்தைத் திருப்பினாள். அகத்தியையும் வேண்டாமென்றாள். "புதுசா கண்டுபுடிச்சிருக்காடா!" என்று பூரித்துப்போன மேஸ்திரி அத்தனையையும் இடித்துத் தெளித்தார். புழுக்கள் ஜாம் ஜாமென்று பிஞ்சுகளைக் குடைந்தன. அப்புறம்தான் தெரிந்தது, ராணிக்குக் காய்ச்சல்.

"கடை மருந்த அடிச்சித் தொலை மேஸ்திரி! மானம் போய்டும்!" பாய் கெஞ்சினார்.

"உன் பொண்ணு கல்யாணத்துல விஷத்தையா பரிமாறச் சொல்ற? போ பாய், நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், ராணி நிற்கும் இடத்தில் மேஸ்திரி குனிந்து நின்று இலை இலையாகக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது கூத்து?"

"யாராச்சும் வாய் வெச்சி சொல்லணும்ல? அவளுக்கு ஒடம்பு முடிலடா."

அவருக்குக் கசந்த இலைகளை இடித்துத் தெளித்ததில் அடுத்த காய்ப்பு புழுவுக்குத் தப்பியது. கல்யாணப் பந்தியில் கத்திரிக்காய்க்குத்தான் அடிதடி. உதடு வீங்கிப்போன மேஸ்திரி மட்டும் ஒரு வாய் பிரியாணி சாப்பிட முடியாமல் மோர் குடித்தார். உடம்பு தேறிய ராணி வாசலில் கட்டியிருந்த பூச்சரத்தை மென்றுகொண்டிருந்தாள்.

இன்று மேஸ்திரியும் இல்லை, ராணியும் இல்லை. வேலூரில் என் மொட்டைமாடியில் நாலு கத்திரிச் செடி நிற்கிறது. எந்த இலை ஆகும் என்று எனக்கும் நன்றாகவே தெரியும். ஆனாலும் பறிக்கும் முன் ஒன்றைக் கடித்துப் பார்க்கிறேன். கண் கலங்கிவிடுகிறது. கசப்பு ஜாஸ்தி என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.