அடுக்களையில் நான் பிடித்திருந்த நீல வயர்

எங்கள் குடும்பத்துக்கு வந்து வாய்த்த மருமகள் மிரியாமாவுக்கு, நம் தீவின் நெய்யாஃபுவிலிருந்து மாமனார் சொசையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை நனிசேயும் பன்றிகளும் சுகம். அங்கே நீயும் கெலேபியும் என் பேத்தியும் சுகமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக.

முதலில் நன்றி. அதற்கடுத்து எழுத நினைத்ததும் நன்றிதான். ஞானஸ்நானத்தன்று ஆக்லாந்து ஆலயத்தின் முன்வரிசையில், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கைப்பேசியுமாக, பக்கத்தில் கெலேபி எங்கள் முகம் வருவதற்காக மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்க, போதகர் உன்னையே பார்த்துக்கொண்டு நிற்க, பாடகர் குழு நேரத்தைக் கடத்தப் பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடித் தள்ள, நீ எங்கள் கணினிக்கு வைத்தியம் பார்த்தாயே, அதற்கு. அந்த நேரத்தில் நீ கேட்டது என் குரலை மட்டும்தான். இந்தப் பக்கம் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கெலேபிக்கு உடன்பிறந்த பெண் இல்லாததால், குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை அவன் அத்தையான என் அக்கா சேய்னியுடையது. அவள் வாய் திறந்து பெயரைச் சொல்லாமல் தலையில் தண்ணீர் விழக்கூடாது. அவளோ விடிந்ததும் விசேஷ நாளில் உடைமேல் சுற்றுகிற பாயை நம் வழக்கப்படி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் ஆலயத்தைக் காட்டவேண்டிய திரையில் 'இணைப்பு இல்லை' என்று வந்தது. அக்கா இருக்கிற அறைக்குள் தம்பி நுழைகிற வழக்கம் நம்மிடம் இல்லையே, அதனால் நான் வெளியே சன்னலுக்குக் கீழே நின்றேன். நீ சொன்னதை நான் நனிசேயிடம் சொல்ல, அவள் அக்காவிடம் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

"மாமா, கணினிக்குப் பின்னாடி வயர் சொருகுற இடத்துல குட்டி விளக்கு எரியுதான்னு பாக்கச் சொல்லுங்க" என்றாய். சன்னலைத் தாண்டுவதற்குள் அதில் பாதி உதிர்ந்துவிட்டது.

"விளக்கு எரியுதான்னு கேக்குறா, மதினி" என்றாள் நனிசே.

"பட்டப்பகல்ல எதுக்குடி விளக்கு? அவ ஊர்ல இன்னும் விடியலையாமா?" என்றாள் அக்கா.

ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாய். நனிசே வீட்டு மெயினையே அணைத்தாள். வயரை டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தச் சொன்னாய். அக்காவே குனிந்து அழுத்தினாள். சத்தம் வந்ததா என்று கேட்டதற்கு, "என் முழங்கால்ல வந்துச்சுன்னு சொல்லு" என்றாள். இவ்வளவுக்கும் நீ பொறுமையாக, "சரி மாமா, அடுத்ததப் பாப்போம். வயரைக் கையால தொட்டுக்கிட்டே மறுமுனை வரைக்கும் போங்க" என்றாய்.

இணையப் பெட்டி இருப்பது முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனியாக நிற்கிற அடுக்களையில். வயர் சன்னல் வழியாக வெளியே வந்து கூரையோரமாகப் போகிறது. நிமிர்ந்து பார்த்தேன். அவ்வளவு நேரமும் என் தலையில் சொட்டியது கூரைத் தண்ணீர் இல்லை, அம்மா. நீல வயரில் படுக்கை விரிப்புகளும் என் கால்சட்டையும் ஈரமாகத் தொங்கின. சனிக்கிழமை துவைத்தது மழையில் காயவில்லை. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி கிடந்தால் சபையார் பேசுவார்கள் என்று, தெருவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து நனிசே அங்கே போட்டிருக்கிறாள்.

"ஏங்க, அது சும்மாதான தொங்கிக்கிட்டிருந்துச்சு?" என்றாள்.

"அது வழியாத்தான் நம்ம பேத்தி வரணும்" என்றேன்.

பாரம் தாங்காமல் வயர் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, முனையிலிருந்த பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்து, வாசலில் கிடந்தது. பன்றி ஒன்று அதை முகர்ந்துகொண்டிருந்தது. விரட்டிவிட்டுச் சொருகினேன், விட்டால் நழுவுகிறது. "கட்டைவிரலால அழுத்திப் பிடிச்சுக்க முடியுமா, மாமா?" என்றாய். கைப்பேசியை அடுப்புமேட்டில் வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தேன். "அசையாதீங்க மாமா" என்றாய். நான் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் கேட்டது. அவள் பேசினால் துறைமுகம்வரை கேட்கும். எங்கள் அம்மாவின் பெயரைத்தான் வைப்பாள் என்று ஊரே எதிர்பார்த்திருந்தது. அவளோ, "எத்தன தடவ தப்பாச் செஞ்சோம், இந்தப் பொண்ணு ஒருக்காகூடக் குரலை உசத்தலியே. இவள வளத்தவ பேரே இருக்கட்டும். ரிபெகா" என்றாள். போன குளிர்காலத்தில் நீ பறிகொடுத்த தாயின் பெயர் அவளுக்கு எப்படி நினைவிருந்ததோ. கைப்பேசியில் நீ விசும்புவது கேட்டது. எனக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது, துடைக்கக் கை இல்லை. விரல் மரத்துப்போனது. பேத்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் பார்க்கவேண்டியவர்கள் என் கையால் பார்த்தார்கள் என்கிற நிறைவு இன்னும் குறையவில்லை.

இதோடு வள்ளிக்கிழங்கு மூட்டை ஒன்று வருகிறது. ரிபெகா உன்னைப்போலவே பொறுமையாக வளர்ந்து, உங்கள் இருவரையும் தூங்கவும் விடுவாளாக.

இப்படிக்கு,
உன் மாமனார் சொசையா

பி.கு.: நனிசே இதைப் படித்துவிட்டு அரைமணியாகச் சிரிக்கிறாள். கணினியில் கடைசிவரை எதுவும் வரவேயில்லையாம். பக்கத்து வீட்டு லெசியெலி தன் டேப்லெட்டை மறுபக்கச் சன்னல் வழியாக நீட்டினாளாம். அக்கா குழந்தையைப் பார்த்ததும் பெயர் சொன்னதும் அதில்தானாம். என்னைக் கூப்பிட நனிசே எழுந்தபோது அக்கா, "இருக்கட்டும் விடுடி, சந்தோஷமாப் பிடிச்சுக்கிட்டிருக்கான்" என்றாளாம். ஆகவே மேலே எழுதியதில் என் கட்டைவிரலை மட்டும் அடித்துவிடு. ஆனால் மிரியாமா, ஆமென் சொல்லி முடிக்கிறவரை நீ "அசையாதீங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே. உனக்கும் தெரியுமா? தெரிந்துதான் சொன்னாய் என்றால், அதற்கும் நன்றி.