ஹெட்போனில் ஒரு ஙொய்

இனி இந்த வீட்டில் யார் பேசுவதும் தன் காதில் விழக்கூடாது என்று மணவாளன் முடிவெடுத்தார். யார் பேசுவதும் என்றால், மனைவி அனுசுயா பேசுவது. ஆயுசு முழுக்க ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, வீட்டில் ஒரு சிவப்பு விளக்குப் போடத் தெரியவில்லை. அதனால் முன்னறையில் உட்கார்ந்து, பழைய ரேடியோ வால்வுகளை வைத்து, ஹெட்போனில் பாட்டுக் கேட்க ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டினார்.

கட்டி முடித்துக் காதில் மாட்டினால், பாட்டுக்கு மேலே ஙொய் என்று ஓர் இரைச்சல். அனுசுயாவே தேவலை என்று தோன்றும் அளவுக்கு இரைச்சல். எர்த் ஒயரை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். வால்வுக்குப் போகும் ஒயர்களைப் பின்னல் போல முறுக்கிவிட்டார். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன் ஒயருக்குப் பின்னல் போடுகிறார் என்று பக்கத்து வீட்டுக் கோமளவல்லி வரைக்கும் சேதி போனது.

இந்த நேரம் பார்த்து, பொதட்டூர்பேட்டையில் அனுசுயாவின் தம்பி பிரேம்குமாரை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவனுக்கு வேறு இடம் கிடைத்தது, அவனுடைய விசைத்தறிக்குக் கிடைக்கவில்லை. தறியை நம் முன்னறையில் போட்டுக்கொள்ளட்டும் என்றாள் அனுசுயா. மணவாளனுக்கு இதில் சம்மதமில்லை. மைத்துனனாவது ராத்திரியில் தூங்குவான், தறி தூங்காது. ஆனால் முடியாது என்று நேராகச் சொல்லும் தைரியம் தாலி கட்டிய நாளிலிருந்தே அவருக்கு இல்லை. ஆம்ப்ளிஃபயரை இப்போது அசைக்க முடியாது, இந்த ஙொய் போன அன்றே அறையைக் காலி பண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

ஆடிக் கிருத்திகை அன்று, காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போன நேரத்தில், ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரைச் சும்மா பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பார்த்தார். ஙொய் நின்றது. அடியோடு நின்றது. மணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இன்னும் இரைகிறது என்று உம்மென்று சொன்னார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் அவருடைய கல்யாண வாழ்க்கையின் நல்ல நாட்கள். கையில் ஸ்குரூடிரைவர், காதில் நாதஸ்வரம். அனுசுயா வாசற்படியில் நின்று வாயசைப்பாள். சத்தமில்லாத அனுசுயாவைப் பார்த்து அவருக்கு அன்புகூட வந்தது. ஙொய் போச்சா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள். எங்கே போவுது, அப்படியேகீது என்பார்.

ஒருநாள் மாலை வாசற்படியில் மூன்று தலைகள் தெரிந்தன. அனுசுயா, பிரேம்குமார், கோமளவல்லி. வழக்கம்போல வாய்கள் அசைந்தன. தவில் உச்சத்தில் இருந்ததால் மணவாளன் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அனுசுயா காபியோடு வந்தாள். தம்பியும் பின்னாலேயே வந்தான்.

"நாளைக்கு வண்டியில தறி வருது. ரூமை ஒழிச்சுக் குடுங்க."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுத்தான். நேத்து இவனையும் கோமளவல்லியையும் சாட்சிக்கு நிக்க வெச்சிக்கினு கேட்டேன். தறி போட்டுக்கலாமாங்கன்னேன், தல ஆட்டினீங்க. நல்லா யோசிச்சி சொல்லுங்கன்னேன், இன்னும் வேகமா ஆட்டினீங்க."

"ஆங் பாவா," என்றான் பிரேம்குமார். "எனக்கு அழுகையே வந்துடுச்சி."

மணவாளன் பதறினார். "அது உங்களுக்கு ஆட்டினது இல்ல. நான் பாட்டு கேட்டுகினு..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பாட்டா?" அனுசுயா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ ஙொய் போயிடுச்சா?"

"இல்ல, இல்ல. ஙொய்தான் கேட்டுகினு இருந்தேன்."

"ஙொய்க்கு யாருன்னா தல ஆட்டுவாங்களா?"

மணவாளன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஙொய் போய்விட்டது என்றால் கொடுத்த வாக்குப்படி அறை போகும். போகவில்லை என்றால் ஆட்டிய தலைப்படி போகும். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தலையாட்டும் நேரம் பார்த்துச் சாட்சியோடு வந்தவள், இத்தனை நாளும் எல்லாம் தெரிந்தேதான் காபி கொடுத்திருக்கிறாள் என்பதுதான் அவருக்குக் கசந்தது.

"எதுன்னு இப்பவே சொல்லணும்னு ஒண்ணும் அவசரம் இல்லீங்க," என்றாள் அனுசுயா. "தறிய எறக்கிட்டு நிதானமா சொல்லுங்க."