ஒரு புகார் கொடுங்களேன்

கம்ப்யூட்டர் திரை துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. அதுதான் இன்ஜினியரம்மாவின் தலைவலி.

குடிநீர் வாரியத்துக்குப் புது ஏற்பாடு வந்திருந்தது. மக்களின் புகார்களையெல்லாம் உள்ளே அள்ளிப் போட்டால், எந்தக் குழாய் எப்போது உடையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். தரவு தர முடியாத கிளைகளை மூடிப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம்.

இந்தக் கிளையில் ஒரு புகார்கூடப் பதிவானதில்லை. எல்லாம் ஃபிட்டரின் கைங்கரியம். குழாய் லேசாகக் கசிந்தாலே ஜனங்கள் நேரே அவருக்குத்தான் போன் போடுவார்கள். மனுஷன் ஸ்பேனரும் கையுமாகப் போய் நிற்பார். பதிவாவது, ஒன்றாவது!

அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரி போனில் கூப்பிட்டார். "நாளைக்கு உங்க ஏரியாவுக்கு வர்றேன்மா." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

"போச்சு! ஆய்வுக்கு வர்றார். அண்ணே, எப்படியாவது புகார் வாங்கிட்டு வாங்க!"

ஃபிட்டர் விழித்தார். "புகார் வந்துடக் கூடாதேன்னுதானேம்மா எல்லா ஆபீஸ்லயும் பயப்படுவாங்க?"

"ஆபீஸை மூடிட்டா நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை. பரவாயில்லையா?"

ஃபிட்டர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். தண்ணீரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் அவரே கேட்கும்போது எப்படி மறுப்பது? அதனால் புகார் எண்ணுக்குப் போன் போட்டு அவரைப் பற்றியே புகார் கொடுத்தார்கள்.

"எங்க வீட்ல ஒரு வாய் டீ குடிக்க மாட்டேங்கிறார்."

"போனை வைக்கிறதுக்குள்ள வந்து நிக்கிறார். முகம் கழுவக்கூட நேரம் தர்றதில்லை."

"இவரைப் பார்த்துக் கத்துக்கோங்கன்னு என் பொண்டாட்டி தினமும் என் உயிரை வாங்குறா."

கம்ப்யூட்டர் அத்தனையையும் 'ஊழியர் நடத்தை' என்ற தலைப்பில் கொட்டியது. திரை சிவந்தது: இந்த ஊழியரை உடனே இடமாற்றம் செய்யப் பரிந்துரை.

"ஐயையோ! எல்லாரையும் வாபஸ் வாங்கச் சொல்லுங்கண்ணே!"

ஜனங்கள் வாபஸ் வாங்க மறுபடி அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். அதையும் கம்ப்யூட்டர் புதுப் புகாராகச் சேர்த்துக்கொண்டது. பரிந்துரை இப்போது பணி இடைநீக்கமாகிவிட்டது.

"கசிவுன்னா அடைச்சிடுவேம்மா. இதை எங்க போய் அடைக்கிறது?" என்றார் ஃபிட்டர். இன்ஜினியரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனுஷனுக்குத் தன் கையாலேயே குழி பறித்துவிட்டோமே!

மறுநாள் காலை பெரிய அதிகாரி தெருவெல்லாம் சுற்றிவிட்டுக் காலில் சேறோடு வந்தார். உற்சாகமாக இருந்தார்.

"இங்க மாடிக்கெல்லாம் தண்ணி ஏறுமா?"

"ஏறும் சார்." அவர் கண் திரைக்குப் போனதும் இன்ஜினியரம்மா குறுக்கே நின்றாள். "சிவப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க சார். தப்பு என்னுது. ஒவ்வொரு புகாரையும் படிங்க. இவரை மாதிரி ஆள் உங்களுக்குக் கிடைக்கவே மாட்டார்!"

அதிகாரி உட்கார்ந்து படித்தார். டீ புகாரில் புன்னகைத்தார். பொண்டாட்டி புகாரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த இடத்திலேயே பரிந்துரையை ரத்து செய்தார்.

"கம்ப்யூட்டர் கெட்டிக்காரப் பிள்ளைதாம்மா. ஆனா நாம போட்டதைத்தானே அது சொல்லும்? ரிப்பேர் முடிஞ்சதும் அண்ணன் போன்ல ஒரு பதிவு போட்டாப் போதும், அதுவே தரவு. இந்த ஆபீஸை மூட நான் விடமாட்டேன். இவரும் இங்கேயேதான் இருக்கணும்!"

அவர் ஃபிட்டரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது, இன்ஜினியரம்மா வாசலில் நின்ற அதிகாரியின் டிரைவரிடம் மெல்லச் சொன்னாள். "ஆய்வுக்கு வந்த அதிகாரி இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்ததே இல்லைங்க."

"ஆய்வா? தண்ணிப் புகாரே இல்லாத இடம் எதுன்னு அந்தக் கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்து, ரிட்டயர் ஆனதும் குடிவர உங்க பின் தெருவுல வீடு பார்க்க வந்தாருங்க, இப்பதான் அட்வான்ஸ் கொடுத்துட்டு வர்றோம்!"