இன்னும் ஒரே ஒரு கோட்

ரிமோட்டில் பறக்கும் விமானங்களைக் கையால் செய்கிறவர்கள் கூடுகிற எந்தச் சங்கத்திலும் பிரைமர்காரர் ஒருவர் இருப்பார். நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் விமானத்தைக் கொண்டுபோய்ப் புல்லில் வையுங்கள், அவரே வருவார். வந்து, ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், குனிந்து, இறக்கையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "பிரைமர் என்ன போட்டீங்க?" என்பார். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் பதில் "ஓ" என்பதுதான். அந்த "ஓ"வுக்குப் பிறகு உங்கள் விமானம் உங்களுக்கே பிடிக்காமல் போய்விடும்.

வர்ணத்துக்கு முன்னால் அடிக்கிற பூச்சுதான் பிரைமர்; ஒருமுறை அடித்தால் அது ஒரு கோட். மரத்தின் துளைகளை அடைக்கும், உப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பாகும், மேலே வர்ணத்தை அடித்துவிட்டுப் பறக்கவிடப் போகலாம். உங்களுக்கும் எனக்கும் அவ்வளவுதான். அவருக்கு அப்படியா? காய்ந்தபின் அது உப்புத்தாளில் மாவாக உதிர வேண்டும், பிசினாக ஒட்டக் கூடாது. உதிர்ந்தாலும் அடி மரம் தெரிகிற அளவுக்கு உதிரக் கூடாது. கனக்கக் கூடாது, கனக்காத ஒரே காரணத்தால் மரத்தின் ரேகையைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. காருக்கு அடிப்பது கனம், கதவுக்கு அடிப்பது பிசுபிசுப்பு, தண்ணீரில் கலப்பது மரத்தை முறுக்கிவிடும், ஸ்பிரே டப்பா அவசரக்காரர்களுக்கு, தூரிகை வேலிக்கு அடிப்பவர்களுக்கு. இத்தனையும் பொருந்தியது ஒன்று உண்டா? உண்டு. அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணச் சங்கத்தின் பிரைமர்காரர் வீபே டெர்ப்ஸ்ட்ரா. கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி மூக்குகளின்மேல் இருப்பது அவர் மாட்டிவிட்ட கண்ணாடிதான். அவர் வீட்டுத் துணிக்கொடியில் துண்டு, காலுறைகளுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சிகள் கிளிப்பில் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பிரைமர். விமானமோ சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. கொட்டகையில் ஈரமாம், பூச்சு காயாதாம். அதனால் ஈரமில்லாத அந்த அறையை விமானத்துக்குக் கொடுத்துவிட்டு, வீபேயும் மனைவி சீட்ஸ்கேயும் உருளைக்கிழங்கு மசியலைச் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார்கள். அதிலும் கொஞ்சம் பிரைமர் தூள் இருக்கும் என்பது சீட்ஸ்கேயின் புகார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காப்பிக்கு நானும் எங்கள் சங்கத்துப் பல் மருத்துவர் ரின்ஸேயும் அங்கே போயிருந்தோம். சீட்ஸ்கே ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். மூடின வேகத்திலேயே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"வீபே, இது எப்பத்தான் முடியும்?"

"முடிஞ்ச மாதிரிதான். இன்னும் ஒரே ஒரு கோட்."

"போன ஈஸ்டருக்கும் இதயேதான் சொன்ன."

"அது வேற பிரைமர்!"

ரின்ஸேக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, நேரா வர்ணத்த அடிச்சா என்ன? எங்கிட்ட மாட்டுக் கொட்டாய்க் கதவுக்கு அடிச்ச பெயிண்ட்ல மிச்சம் இருந்துச்சு, அதத்தான் அடிச்சேன். ஜம்முனு பறக்குது."

"பறக்குது, யாரு இல்லேன்னா? அதே கையாலதான் நீ ஜனங்க பல்லயும் அடைக்கிற. அத நெனச்சா எனக்கு வாயத் தொறக்கவே பயமா இருக்கு."

"உன் வாயா? அது எப்பய்யா மூடியிருந்துச்சு?"

சீட்ஸ்கே சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழம சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க மொத மொறையா சாப்பிட வராங்க. பொண்ணு வாழப்போற வீடு. அவங்கள எங்க உக்கார வெப்பேன், இந்த றெக்க மேலயா? அன்னிக்குக் காலையில இது வானத்துல இருக்கணும். இல்லேன்னா அடுப்புல இருக்கும்."

"இன்னும் வர்ணமே அடிக்கல, சீட்ஸ்கே!"

"வானத்துல போறதுக்கு எதுக்கு வர்ணம்?"

சனிக்கிழமை எனக்குப் போன் வந்தது. "கெடச்சிருச்சு!" என்றார் வீபே. எனக்குப் புரியவில்லை. "சரியான பிரைமர்யா! மாவாட்டம் உதிருது, தாள்ல ஒட்டவே இல்ல!" குழந்தை பிறந்த சேதியைச் சொல்கிறவருடைய குரல்.

ஞாயிறன்று வரப்பு மேட்டில் அந்த விமானத்தை வைத்தபோது ரின்ஸேகூடக் கேலியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். சொல்லித்தான் ஆக வேண்டும், அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஒரு திட்டு இல்லை, கீறல் இல்லை, இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. மூக்கிலிருந்து வால்வரை பிரைமரின் ஒரே சீரான சாம்பல் நிறம். எனக்குப் பொறாமையாக இருந்தது. எல்லோரும் கைகளைத் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து தடவினோம். சொன்னது நடக்கிறதா என்று பார்க்க வந்த சீட்ஸ்கேயும் தடவினாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், கொஞ்சம் வருத்தத்தோடு.

விமானம் புல்லில் ஓடி, எழும்பி, ஒரு வட்டம் அடித்து, மேலே போனது. அப்புறம் இல்லை. எங்கள் ஊர் வானம் வழக்கம்போல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் போய்ச் சாம்பல் நிற விமானத்தை யார் தேடுவது?

"எங்கப்பா போச்சு?"

"கண்ணாடியத் தொடச்சுக்கோ, வீபே!"

"தெரியுது, தெரியுது, அதோ!" என்று வீபே கத்தினார். "எடப்பக்கம் திருப்புறேன் பாருங்க... திரும்புது! என்னமா திரும்புது! கொஞ்சம்கூட ஆட்டமே இல்ல!"

ரின்ஸே கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "வீபே, அது றெக்கய அடிக்குது."

அது நாரை. வீபே ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்க, அது தன்பாட்டுக்குக் கால்வாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயம் எங்களுக்குப் பின்னாலிருந்து மடார் என்றொரு சத்தம். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நாலா பக்கமும் சிதறி ஓடின.

ஓடிப்போய்ப் பார்த்தோம். மூக்கு சேற்றுக்குள், வால் வேலியில், இறக்கை எத்தனை துண்டு என்று எண்ண மனம் வரவில்லை. சீட்ஸ்கே வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பு என்று சொன்னதற்காக அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. வீபே மண்டிபோட்டார். ஒரு துண்டை எடுத்துச் சேற்றைத் துடைத்தார், கட்டைவிரலால் தடவினார், உடைந்த ஓரத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"பாத்தீங்களா? மரம் சுக்கு நூறா ஒடஞ்சிருக்கு. பிரைமர் ஒரு எடத்துலயாவது உரிஞ்சிருக்கா? சொல்லுங்க!"

உரியவில்லைதான்.

இரண்டு கடைப் பைகளில் விமானம் வீட்டுக்குப் போனது. சாயங்காலம் சீட்ஸ்கே அந்த மேசையில் வெள்ளை விரிப்பைப் போட்டாள், மெழுகுவத்தி ஏற்றினாள், பன்றி வறுவலும் சிவப்பு முட்டைக்கோசும் வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா ஓனே அதிகம் பேசாத மனிதர். மரப்படகு ஒன்று வைத்திருக்கிறார். உள்ளே வந்தவர் நடையில் இருந்த பையைப் பார்த்தார், ஒரு துண்டை எடுத்தார், விரலால் தடவினார். "இதுக்கு என்ன பிரைமர் போட்டீங்க?" என்று கேட்டார். வீபே அவர் தோளில் கை போட்டுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வறுவல் ஆறிப்போனது. மேசை கிடைத்துவிட்டது, இரண்டு நாற்காலிகள்தான் காலி.

அது எந்தப் பிரைமர் என்று நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். நீங்கள் விமானம் செய்கிறவரில்லை, உப்புத்தாளைக் கையில் தொட்டு எத்தனை காலமோ! உங்களுக்கு எதற்கு அது? ஆனாலும், "ஆள் பேரெல்லாம் சொன்னான், அதைச் சொல்லவில்லையே" என்று உள்ளுக்குள் ஓர் எரிச்சல் இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடுங்கள், வீபேயின் கொட்டகையில் உங்களுக்கும் இடம் உண்டு. மூன்றாவது நாற்காலியும் காலி என்று சீட்ஸ்கேயிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.