வாலில் இருக்கிற சின்ன இன்ஜின்

இரண்டு மணி ஆக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. வீரன் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே வந்தார்.

எதிரே சந்திரமோகன் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"வீரண்ணா! நான் வந்துகினு இருக்கறது கண்ணுக்குத் தெரியலயா? அதுக்குள்ள அமத்திட்டியே!"

"என் ஷிப்ட்டு முடிஞ்சிது. உன் ஷிப்ட்டுக்கு நீ போட்டுக்க."

ஆரணி பக்கத்துச் சேவூரில், ஷெட் இருந்த தெருவின் டிரான்ஸ்பார்மர் வெந்துபோயிருந்தது. புதுசு வரும் வரைக்கும் தினமும் பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை கரண்ட் கிடையாது. வேணுகோபால் முதலாளியின் பட்டுத் தறி ஷெட்டில் அந்த மூன்று மணி நேரமும் விளக்கு, ஃபேன், விசைத்தறி எல்லாம் ஜெனரேட்டரை நம்பித்தான். அதுவோ கைப்பிடி போட்டுச் சுற்றுகிற பழைய மிஷின். ஓடினால் ஓடும். நின்றுவிட்டால் மறுபடி எழுப்பப் பத்துச் சுற்றும் நாலு கெட்ட வார்த்தையும் வேண்டும்.

சந்திரமோகன் அன்று பதினோரு முறை சுற்றினான். பன்னிரண்டாவது முறை கைப்பிடி திருப்பி முழங்கையில் அடித்துவிட்டுத்தான் மிஷின் எழுந்தது. தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஒழுகியபடி போய்த் தறிமேல் குனிந்தான். நெற்றியிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. கிளிப்பச்சைப் பட்டில் இரண்டு கறை.

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பொடவ போச்சு. இவன் அமத்துறான், அவன் வேர்க்குறான், நடுவுல பேஜாரு எனக்கு. இந்த வாரத்துக்குள்ள இன்னொரு பொடவ கெட்டுது, ஒருத்தன் வீட்டுக்குப் போவணும். சொல்லிட்டேன்."

வீட்டுக்குப் போவது வீரனுக்குப் பயமில்லை. அதற்கு அப்புறம்தான் பயம். மகன் குணா விமானத்தில் துணை விமானி. பெங்களூரில் பதினாலாவது மாடியில் வீடு. 'வேலைய உட்டுட்டு வந்துடு நைனா' என்று எட்டு மாதமாகக் கூப்பிடுகிறான். மகன் பறக்கிறான், அப்பனுக்கு மாடிப்படியே ஆகாது. ஒரு தடவை அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். தறி இருக்கிற வரைக்கும்தான் 'வேலை இருக்குது' என்று சொல்லித் தப்பிக்க முடியும்.

"உன் மொதலாளி சொல்றது ஞாயந்தான்" என்றாள் ராத்திரி வீட்டில் மனைவி கன்னியம்மாள், சோற்றைப் பிசைந்தபடி. "சாப்புடறவ தலைக்கு மேல லைட்ட அமத்துற மனுசன் நீ. இப்பக்கூடப் பாரு, இருட்டுல துன்னுகினு இருக்கேன்."

"வாசல்ல வெளிச்சம் வருதுல்ல?" என்று சொல்லிவிட்டு வீரன் மகனுக்குப் போன் போட்டார்.

எல்லாவற்றையும் குணா கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்.

"நைனா, பிளேன்லயும் இதே கததான். வால்ல ஒரு சின்ன இன்ஜின் இருக்குது. தரையில நிக்கிறப்போ கரண்ட்டு, ஏசி எல்லாம் அதுதான். ஒரு டீமு எறங்கி இன்னொரு டீமு ஏறும்போது, வெளியிலேந்து கரண்ட்டு குடுக்கலன்னா, அத ஓட உட்டுட்டுதான் போவணும். அமத்திட்டா அடுத்து வர்றவங்க உள்ள வெந்துடுவாங்க."

"எண்ணெ வீணாவாதா?"

"கம்பெனி எண்ணெய மிச்சம் பண்ணச் சொல்லும். ஆனா பைலட்டுங்களுக்குள்ள அது ஒரு மரியாத. அமத்திட்டுப் போறவன்கூட யாரும் டீ குடிக்க மாட்டாங்க."

"எப்டிடா இவ்ளோ தெரிஞ்சி வெச்சிகினு கீற?"

"சொல்லுவாங்க நைனா" என்று குணா போனை வைத்துவிட்டான்.

மறுநாள் வீரன் டீக்கடையிலேயே அறிவித்துவிட்டார். "இனிமே நம்ப ஷெட்டுல பிளேன் மரியாததான். எங்க கேப்டன் சொல்லிட்டான்." சரியாக இரண்டு மணிக்கு ஜெனரேட்டரை ஓடவிட்டு, தறியை மட்டும் நிறுத்திவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கென்று சந்திரமோகனின் மொபெட் பஞ்சர். அவன் தள்ளிக்கொண்டு வந்து சேரும்போது மூன்றேகால். காலி ஷெட்டுக்கு ஃபேன் சுற்றிச் சுற்றி, டீசல் தீர்ந்து, குழாயில் காற்று புகுந்து, ஆரணியிலிருந்து மெக்கானிக் வரவேண்டியதாயிற்று.

"ஆளே இல்லாத ஷெட்டுக்கு எவன்யா காத்து உட்டது?" என்று முதலாளி கத்தினார்.

"மரியாதைக்கு உட்டது மொதலாளி."

"யாருக்கு மரியாத, தறிக்கா?"

புதன்கிழமை வீரன் திருத்திக்கொண்டார். சந்திரமோகன் வந்து சேரும் வரைக்கும் ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றார். அவன் இரண்டே காலுக்கு வந்தான். உள்ளே ஜிலுஜிலுவென்று காற்று. தறியும் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சுகமாக அவன் வேலைக்கு வந்ததே இல்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தான்.

"இன்னாடா இது, மாமியார் வீட்டு விருந்தா? ஜல்தியா வரத் தெரியாது?"

"நீதான் பாத்துகினு இருக்கியே அண்ணா. உன்ன மாதிரி மரியாத தெரிஞ்ச ஆளு ஆரணியிலயே கெடையாது."

வீரன் ராத்திரியே மகனைப் பிடித்தார். "வாயால சொல்லிக் குடுக்கணும் நைனா" என்றான் குணா. "ஒருத்தரு சொல்லணும், இன்னொருத்தரு அதையே திருப்பிச் சொல்லணும். அப்பதான் பொறுப்பு கை மாறும்."

வெள்ளிக்கிழமை, முதலாளியின் மிரட்டலில் சந்திரமோகன் நேரத்துக்கு வந்தான். வீரன் அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஜெனரேட்டரு ஓடிகினு கீது."

"கீது கீது. வழிய உடு."

"அப்டி இல்ல. முழுசாத் திருப்பிச் சொல்லு."

"ஜெனரேட்டரு ஓடிகினு கீது. போதுமா?"

"டீசலு பாதி கீது."

"டீசலு பாதி கீது. கொழந்தய பள்ளிக்கூடத்துல உட்டா மாதிரி கீது."

"அது இதுல இல்ல. மறுபடி சொல்லு."

இப்படியே ஃபேன் எத்தனை, லைட் எத்தனை என்று போய்க் கடைசிக்கு வந்தார்கள்.

"நாடாவுல ஊட நூலு கீது."

"நாடாவுல ஊட நூலு கீது."

உள்ளே போய்ப் பார்த்தபோது, குறுக்கே நூலைக் கொண்டுபோகிற நாடாவில் நூல் தீர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. தறி பாட்டுக்கு வெறும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. அரக்குப் புடவையின் நட்ட நடுவில், அரை முழத்துக்குக் குறுக்கே ஒரு இழைகூட இல்லை.

முதலாளி அந்த ஓட்டை வழியாகவே இரண்டு பேரையும் பார்த்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் இருங்க. யாரு போறதுன்னு சொல்றேன்."

மறுநாள் இரண்டு மணிக்கு முதலாளியின் அறையில் வேறு ஒரு ஆளும் இருந்தார். குணா சொல்லி அனுப்பிய லாவண்யா என்கிற பெண், அவன் கம்பெனியில் கேப்டன். தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார். குணாவின் அப்பா இங்கே வேலை செய்கிறார் என்று தெரியும், ஆளைப் பார்த்ததில்லை. தறிக்காரர்கள் இருவரும் தலை குனிந்து உள்ளே வந்தபோது அவர் நான்கு புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்குத் திடீரென்று தோன்றியது.

"ஏம்மா, நீங்களே பைலட்டு. ஒரு ஞாயம் சொல்லுங்க. எறங்கறவங்க வால்ல இருக்கற சின்ன இன்ஜின அமத்தாம, அடுத்தவங்களுக்கு ஓட உட்டுட்டுதான் போவணும்னு ஒரு மரியாத இருக்குதாமே. நெஜமா? இல்ல, இவங்க சேந்து என் டீசல எரிக்கக் கட்டின கதையா?"

 வீரன் கண்ணுக்குள் பதினாலாவது மாடி ஜன்னல் வந்துவிட்டுப் போனது.

"நெஜந்தான் சார்" என்றார் லாவண்யா. "அமத்திட்டுப் போனா, வெயில்ல நிக்கிற பஸ்ஸுக்குள்ள ஏறினா மாதிரிதான். அடுத்து வர்றவங்கள நெனச்சுப் பாக்கணும் இல்லையா?"

சந்திரமோகன் முழங்கையைத் தடவிக்கொண்டே, "நான் இத்தத்தான் மொதல் நாள்லேந்து கத்திகினு இருக்கேன்" என்றான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. ரெண்டு பேரும் இருங்க. ஜெனரேட்டரு ஓடட்டும். ஆனா இந்த மந்திரம் ஓதறத மட்டும் தறிய நிறுத்திட்டு ஓதுங்க."

வீரனுக்கு உயிர் வந்தது. தறி தப்பித்தது, தரை தப்பித்தது. அதைவிட, ஊருக்கு முன்னால் மகன் சொன்ன சொல் நின்றது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறையை விட்டு வெளியே நடந்தார். நடக்கும்போது, கை அதுபாட்டுக்குச் சுவர்ப் பக்கம் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டிவிட்டது.

தலைக்கு மேல் காற்று நின்றது. டீ கிளாசோடு லாவண்யா அண்ணாந்து பார்த்தார். அப்புறம் வீரனைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கிளாசைக் கீழே வைத்தார்.

"நீங்கதான் குணாவோட அப்பாவா?"

வீரன் பூரித்துப்போனார். "ஆமாம்மா! எப்டிக் கண்டுபுடிச்சீங்க? சாடையா?"

"எங்க கம்பெனியிலயே அந்தச் சின்ன இன்ஜின அமத்திட்டு எறங்கற ஒரே ஆளு அவருதாங்க. கேட்டா, 'இன்னா பண்றது மேடம், அமத்தாம எழுந்தா எங்க நைனா முதுகுலயே ஒண்ணு வெச்சிடுவாரு'ன்றாரு."