கார் ஷெட்டில் ஒரு விமானம்

"நாகம்மா! இங்க வெச்சிருந்த போல்ட்டைப் பாத்தியா?"

நெமிலிச்சேரி வீட்டின் கார் ஷெட்டிலிருந்து உத்தமன் கத்தினார். போல்ட்டு அப்போது சமையல்கட்டில், புளி ஜாடிக்குள் பத்திரமாக இருந்தது.

"போல்ட்டா? நான் அந்தப் பக்கமே வரலையேங்க!" என்றாள் அவர் மனைவி நாகம்மா, வெங்காயம் நறுக்கியபடி.

ஏன் இந்தத் திருட்டு வேலை என்றால், அது ஒரு கதை. உத்தமன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் காலமெல்லாம் தரப் பரிசோதகராக இருந்தவர். ரிட்டயரான மறுநாளே பரிசோதனையைச் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். வடை ஓட்டையைக் கருவி வைத்து அளந்தார். "இந்த இட்லி அந்த இட்லியை விடக் குட்டையா இருக்கே, ரிஜக்ட்!" என்று ஒதுக்கி வைத்தார். தங்கமான மனுஷன்தான். ஆனால் நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் நின்றால் தங்கத்தைக்கூடத் தாங்க முடியாது, சாமி!

அப்புறம் ஒரு நாள், வீட்டிலேயே விமானம் கட்டப் போகிறேன் என்றார். தெருவே சிரித்தது. "பாடி மேம்பாலத்து டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, அப்புறம் ஏன்னு கேளுங்க" என்றார் ஒருவரிடம். "டேங்கைப் பாத்த கண்ணுக்கு இதெல்லாம் பிரமாதமா?" என்றார் இன்னொருவரிடம்.

நாகம்மாவுக்குக் காரணமே தேவைப்படவில்லை. காலையில் ஷெட்டுக்குப் போகிறவர் சாப்பாட்டுக்குத்தான் தலைகாட்டினார். திருவேற்காடு அம்மனுக்கு மாவிளக்குப் போட்டு நன்றி சொன்னாள். விட்டுப்போயிருந்த பாட்டு முணுமுணுப்புகூடத் திரும்பி வந்தது.

இப்போது அந்த விமானம் முடியப் போகிறதே! ஒன்று, மேலே போய் விழுந்து வைப்பார். இல்லையென்றால் சமையல்கட்டுக்குத் திரும்பி வருவார். இரண்டுமே நடக்கக் கூடாது. அதனால்தான் புளி ஜாடி.

போல்ட்டு காணோம் என்றதும், விமான வேலைக்குப் பாடியிலிருந்து வரும் வெல்டர் ஜஸ்டின் அதைவிடக் கெட்டியான ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். நாகம்மா ஸ்பேனரை அரிசி டிரம்மில் புதைத்தாள். உத்தமன் புது ஸ்பேனர் செட்டே வாங்கி வந்தார், வேலை இன்னும் வேகமெடுப்பதாக அவளுக்குப் பட்டது. கடைசியில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, முன்னால் சுழலும் மர இறக்கையையே தூக்கிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் பாய்க்குள் சுருட்டி வைத்தாள்.

மாடியில் குடியிருக்கும் ஷர்மிளா ஐ.டி.யில் வேலை பார்ப்பவள், உபகாரம் செய்யாமல் இருக்க மாட்டாள். துணி காயப்போடப் போனவள் இறக்கையைச் சுமந்துகொண்டு இறங்கினாள்.

"அங்கிள், உங்க றெக்கை மாடில கிடந்துச்சு!"

அதோடு விட்டாளா? தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குப் பூசணிக்காய் உடைப்பது என்று தெரு கூடி முடிவு செய்தது. நாளைக்கு ஞாயிறு.

உத்தமன் பூசணிக்காய் வாங்கப் போனதும், நாகம்மா டீயோடு ஷெட்டுக்கு ஓடினாள்.

"ஜஸ்டின், உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்பா. எதையாவது கழட்டி வுட்டுடு. அவரு பறக்கவும் கூடாது, முடிச்சுட்டு வந்து கிச்சன்ல நிக்கவும் கூடாது!"

ஜஸ்டின் சிரித்துவிட்டான். "இன்னாம்மா நீ! போல்ட்டு புளி ஜாடில கீதுன்னு சாருக்குத் தெரியாதுன்னா நெனச்சுகினு கீறே? மூடி ஒரு நூலளவு தூக்கிகினு இருந்துச்சாம். அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டாரு."

நாகம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? நீ ஒளிச்சா வேல இழுக்கும், அவருக்கு சந்தோசம். அந்தப் பொண்ணு றெக்கைய எடுத்தாந்து குடுத்தப்போ தலைல கைய வெச்சுகினு குந்திட்டாரு. நாளைக்குப் பூசணிக்கா ஒடச்சதும் 'றெக்கை அளவு சரியில்ல, ரிஜக்ட்'னு சொல்லப் போறாரு. மறுபடி மொதல்லேந்து."

"மொதல்லேந்தா? பறக்கணும்னு ஆசையில்லையா அவருக்கு?"

"ஆசையா? சாருக்கு ஏணி ஏறினாலே தல சுத்தும்மா!" டீயை ஒரே மடக்கில் குடித்தான் ஜஸ்டின். "மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டாரு: 'நான் ஊட்டுல குந்தினதுலேந்து நாகம்மா பாடறதையே வுட்டுட்டா ஜஸ்டின், ஆயுசுக்கும் முடியாத வேலையா ஒண்ணு சொல்லு'ன்னு. நாந்தாம்மா பிளேனுன்னேன்."